எந்த வரி யாருடையது? ஜோட்டேரோ மென்பொருளோடு மூன்று ஆண்டுகள்

2022ஆம் ஆண்டு ஆவணியில் என் ஆய்வேட்டின் இரண்டாம் இயலை ஒப்புமைச் சோதனைக்குக் கொடுத்தேன். பிறர் எழுத்தோடு நம் வரிகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று கணினி பார்த்துச் சொல்லும் சோதனை அது. மறுநாள் நூலகத்தில் அறிக்கையை அச்செடுத்துக் கையில் தந்தார்கள். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் 34 விழுக்காடு என்று இருந்தது. உள்ளே பக்கத்துக்குப் பக்கம், ஒத்துப்போன வரிகளின் மேல் சிவப்பும் நீலமும் பச்சையும். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறவள். தேர்வறையில் துண்டுச் சீட்டோடு அகப்பட்ட பிள்ளைகளை எத்தனையோ முறை கண்டித்திருக்கிறேன். அந்தக் காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பாளையங்கோட்டையிலிருந்து ஊர் வந்து சேரும்வரை பஸ்ஸில் யாரோடும் பேசவில்லை.

பகுதிநேர ஆய்வாளராக நான் எடுத்துக்கொண்டது தாமிரபரணிப் பாசனக் குளங்களின் வரலாறு. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். அவற்றில் கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும் வெள்ளையர் காலத்தில் எழுந்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. அந்தக் கால்வாய்களில் பாயும் தண்ணீரை நம்பிய குளத்துக் கரையில் பிறந்தவள் நான். யாருடைய வரியையும் எடுத்து என்னுடையதாகக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் கனவிலும் இருந்ததில்லை. பிறகு எப்படி 34 வந்தது? விடை தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதத்தில் இரண்டு உதவிகளை நாடினேன். ஒன்று பணம் கேட்டது, மற்றொன்று இலவசம். இரண்டையும் பற்றித்தான் எழுதுகிறேன்.

பணம் கேட்டது ஒரு கடை. பெயர் வேண்டாம். பல்கலைக்கழகம் இருக்கும் எந்த ஊரிலும் அப்படி ஒன்று இருக்கும்: தட்டச்சு, நகல், பைண்டிங், கூடவே "ஒப்புமை குறைத்துத் தரப்படும்" என்று ஒரு பலகை. உடன் ஆய்வு செய்யும் ஒருவர்தான் வழிகாட்டினார். கடைக்காரர் மரியாதையாகப் பேசினார். "கவலைப்படாதீர்கள் டீச்சர், 10க்குக் கீழே கொண்டுவந்துவிடலாம். பக்கத்துக்கு எழுபது ரூபாய்" என்றார். சோதித்துப் பார்க்கலாம் என்று ஐந்து பக்கம் கொடுத்தேன். மூன்றாம் நாள் வாங்கிக்கொண்டு, வெளியே புங்கமரத்து நிழலில் நின்று படித்தேன்.

நான் எழுதியிருந்த வரி இது: "குளம் பெருகி மறுகால் பாயும்போது மடைகளைப் பார்த்துக்கொள்வது நீர்க்கட்டியின் வேலை." கடையிலிருந்து திரும்பி வந்த வரி இது: "ஏரி அதிகரித்து இன்னொரு கால் ஓடும் சமயத்தில் வாயில்களைக் கவனிப்பது தண்ணீரைக் கட்டுபவரின் பணி."

மறுகால் என்பது குளம் நிறைந்த பின் மிகுதி நீர் வெளியேறும் வழி. எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அது "இன்னொரு கால்" ஆகிவிட்டது. குடிமராமத்து "குடிமக்கள் பழுதுநீக்கம்" ஆகியிருந்தது. நீர்க்கட்டி என்ற சொல், தலைமுறை தலைமுறையாக ஊர் ஒருவரிடம் ஒப்படைத்த பொறுப்பின் பெயர், அது போய்விட்டது. என் ஆய்வின் உயிரே அந்தச் சொற்களில்தான் இருக்கிறது. இத்தனைக்கும் அந்த வரி என்னுடைய சொந்த வரி, யாரிடமிருந்தும் எடுத்ததில்லை. எது என்னுடையது, எது பிறருடையது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே உரலில் போட்டு இடித்திருந்தார்கள். கடன் வாங்கிய பத்திகளிலோ கருத்து அப்படியே இருந்தது, வரிசை அப்படியே இருந்தது, மேலே பூசிய சொற்கள்தான் வேறு. மூலத்தின் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. நகையை உருக்கி விற்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? முந்நூற்றைம்பது ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தப் பக்கங்களை வீட்டு அடுப்பில் போட்டேன். இப்படிப்பட்ட கடைக்கு எந்த மாணவரும் போக வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்றிரவு பழைய குறிப்பேடுகளை எடுத்துத் தரையில் பரப்பினேன். 2018 முதல் 2021 வரை ஒன்பது நோட்டுகள். நூலகத்தில் உட்கார்ந்து கைவலிக்க எழுதியவை. நான்காம் நோட்டில் ஒரு பக்கம், மேலே "குளங்கள் – பராமரிப்பு" என்று தலைப்பு, கீழே இருபத்தெட்டு வரி. என் கையெழுத்துதான். ஆனால் நூலின் பெயர் இல்லை, பக்க எண் இல்லை, மேற்கோள் குறி இல்லை. அந்த வரிகள் புத்தகத்தில் இருந்தவையா, படித்து முடித்து நானே சுருக்கியவையா? நாலு ஆண்டு கழித்துப் பார்க்கும்போது எனக்கே தெரியவில்லை. கையெழுத்து என்னுடையதாக இருந்ததால் வரியும் என்னுடையது என்று நம்பி ஆய்வேட்டில் சேர்த்திருக்கிறேன். களவு ஆய்வேட்டில் நடக்கவில்லை, நோட்டிலேயே நடந்துவிட்டது. பேனாவைக் கையில் எடுத்த முதல் நாளே வரியையும் அதன் ஊரையும் பிரித்துவிட்டேன்.

என் நெறியாளரிடம் நோட்டுகளோடு போனேன். அவர் கோபப்படவில்லை. ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இதை இனித் திருத்த முடியாது. திரும்பப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் இந்த முறை படிக்கும்போதே ஊரையும் பேரையும் கட்டிவைத்துப் படியுங்கள்" என்று சொல்லிவிட்டு, ஜோட்டேரோ என்று ஒரு தாளில் எழுதித் தந்தார்.

ஜோட்டேரோ, மேற்கோள்களையும் மூலங்களையும் சேர்த்துவைக்கும் ஒரு மென்பொருள். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில், வரலாற்றுத் துறையோடு சேர்ந்த ஒரு மையத்தில் 2006இல் பிறந்தது. வரலாறு படிக்கிறவர்கள் தங்கள் தேவைக்குச் செய்துகொண்ட கருவி என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. அல்பேனிய மொழியில் ஒன்றைத் தேர்ந்து கைவசமாக்குவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து பெயர் வைத்திருக்கிறார்கள். காசு இல்லை. நிரல் எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. சேர்த்துவைப்பதெல்லாம் நம் கணினியிலேயே இருக்கும். இணையத்திலும் ஒரு பிரதி வேண்டுமானால் கோப்புகளுக்கு 300 மெகாபைட் வரை இலவசம். பழைய நூல்களின் வருடிய (ஸ்கேன் செய்த) பிரதிகள் அதை ஒரே வாரத்தில் தின்றுவிடும். ஆகவே நான் நூல் விவரங்களையும் குறிப்புகளையும் மட்டும் இணையத்தில் ஒத்திசைக்கிறேன். கோப்புகளை ஞாயிறுதோறும் ஒரு வன்தட்டில் நகலெடுத்துக்கொள்கிறேன்.

நிறுவுவதில் சிரமம் எதுவும் இல்லை. உலாவியில் ஒரு சிறு பொத்தானைச் சேர்க்க வேண்டும். இணையத்தில் ஒரு கட்டுரையைப் பார்க்கும்போது அந்தப் பொத்தானை அழுத்தினால் ஆசிரியர், தலைப்பு, இதழ், ஆண்டு, பக்கம் எல்லாம் தாமே வந்து உட்காரும். புத்தகமாக இருந்தால் அதன் ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொடுத்தால் போதும். இந்த வசதியைத்தான் எல்லாரும் பெரிதாகப் பேசுகிறார்கள். எனக்கு இது பெரிதல்ல. என் மூலங்களில் பாதிக்கும் மேல் அந்த எண்ணே வழக்கத்துக்கு வராத காலத்து நூல்கள்; கையால்தான் நிரப்பினேன்.

என்னை மாற்றியது உள்ளே இருக்கும் வாசிப்பான். 2022இல் வந்த ஆறாம் பதிப்பு முதல் பிடிஎஃப் கோப்பை ஜோட்டேரோவுக்குள்ளேயே திறந்து படிக்கலாம். ஒரு வரியை வண்ணம் தீட்டினால், அந்த வரி நூலின் பெயரையும் பக்க எண்ணையும் இடுப்பில் முடிந்துகொண்டே குறிப்புக்கு வருகிறது. குறிப்பிலிருந்து ஒரு சொடுக்கில் அந்த நூலின் அதே பக்கத்துக்குத் திரும்பிப் போகலாம். குறிப்பை வேர்டு கோப்புக்குக் கொண்டுபோனாலும் மூலம் விடாமல் கூடவே வருகிறது. என் நான்காம் நோட்டில் நடந்தது இங்கே நடக்க வேண்டுமானால், நானே வேலை மெனக்கெட்டு மூலத்தை அழிக்க வேண்டும்.

வண்ணங்களுக்கு நான் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். மஞ்சள் என்றால் ஆசிரியரின் சொற்கள் அப்படியே. ஆய்வேட்டில் வந்தால் மேற்கோள் குறிக்குள்தான் வரும். பச்சை என்றால் செய்தி மட்டும்: ஆண்டு, பரப்பு, பெயர். ஊதா என்றால் எனக்கு உடன்பாடில்லாதது, ஊருக்குப் போய்ச் சரிபார்க்க வேண்டியது. பிறகு கோப்பை மூடிவிட்டு, பார்க்காமல், என் சொந்தச் சொற்களில் நாலு வரி எழுதுகிறேன். எழுதி முடித்துத்தான் திறந்து ஒப்பிடுவேன். மூடிவிட்டு எழுத வரவில்லை என்றால் எனக்கு அது புரியவில்லை என்று பொருள், மறுபடி படிப்பேன். இதை எந்த மென்பொருளும் செய்து தராது. ஆனால் வரி எங்கிருந்து வந்தது என்று தேடும் கவலை தீர்ந்துபோனதால் இதற்கு எனக்கு மனமும் நேரமும் கிடைத்தன.

ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. எச்.ஆர். பேட் என்ற ஆங்கிலேய அதிகாரி தொகுத்து 1917இல் வெளிவந்த திருநெல்வேலி மாவட்ட கெசட்டியர் (மாவட்ட விவரத் தொகுப்பு) எனக்கு நாள்தோறும் வேண்டிய நூல். நான் வைத்திருக்கும் வருடிய பிரதியில் அட்டை, முன்னுரை, பொருளடக்கம் எல்லாம் சேர்ந்து வருவதால், திரையில் காட்டும் பக்க எண்ணும் தாளில் அச்சாகியிருக்கும் எண்ணும் ஒன்றல்ல. இப்படித்தான் பல ஆய்வேடுகளில் பக்க எண் தவறிப்போகிறது. தேர்வாளர் எடுத்துப் பார்த்தால் அந்தப் பக்கத்தில் அந்தச் செய்தியே இருக்காது. ஜோட்டேரோவில் ஒரு குறிப்பின் பக்க எண்ணைத் திருத்தி, "இந்தப் பக்கமும் இதற்குப் பின்வருபவையும்" என்று தேர்ந்தெடுத்தால், அடுத்து வரும் எல்லாமே அச்சு எண்ணுக்கு மாறிக்கொள்கின்றன. ஒரு நிமிட வேலை. இதைச் செய்து வைத்தவர் பழைய புத்தகங்களோடு வாழ்ந்தவராகத்தான் இருப்பார்.

தமிழில் ஆய்வு செய்கிறவர்கள் கேட்கும் கேள்விகள் வேறு. அவற்றையும் சொல்கிறேன்.

முதலாவது, பெயர். மென்பொருள் ஆசிரியர் பெயரை இரண்டு பெட்டிகளாகக் கேட்கிறது, ஒன்று குடும்பப் பெயர், ஒன்று சொந்தப் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? தலைப்பெழுத்து தகப்பனுடையது, பெயர்தான் நம்முடையது. தொடக்கத்தில் நான் ஒரு நூலுக்கு ஒரு விதமாக நிரப்பி, துணைநூற்பட்டியலில் ஒரே ஆசிரியர் மூன்று இடத்தில் வந்து நின்றார். பெயர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு பொத்தானை அழுத்தினால் இரண்டும் ஒன்றாகிவிடும். முழுப் பெயரையும் அதிலேயே எழுதலாம். முதல் நாளே ஒரு முறையை முடிவு செய்துகொண்டு அதிலேயே நில்லுங்கள்.

இரண்டாவது, எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சான கோப்பிலிருந்து ஒரு வரியை எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் வரும். நான் வரியை வண்ணம் தீட்டுவதற்குப் பதிலாக அந்தப் பத்தியைச் சுற்றி ஒரு கட்டம் போட்டுவிடுகிறேன். கட்டத்துக்குள் இருப்பது படமாக, பக்க எண்ணோடு குறிப்பில் சேர்ந்துவிடும். பக்கத்தைப் படமாக மட்டுமே வருடிய பிரதிகளுக்கும் இதே வழிதான்.

மூன்றாவது, "மேலது". தமிழ் ஆய்வேடுகளில் ஒரே நூலை அடுத்தடுத்துச் சுட்டும்போது மேலது என்று போடுவது நம் வழக்கம். அழகான சொல்தான். ஆனால் பத்தியை வெட்டி வேறிடத்தில் ஒட்டிய அந்தக் கணமே மேலது வேறொரு நூலைக் காட்டத் தொடங்கிவிடும். என் அறிக்கையில் சிவப்பான இடங்களில் இரண்டு இப்படி வழி தவறியவை. ஒருவரின் கருத்து இன்னொருவர் பெயரில் போய் நின்றது. இப்போது நான் மேலதை விட்டுவிட்டேன். ஆசிரியர் பெயரும் சுருக்கத் தலைப்பும் பக்கமும் ஒவ்வொரு அடிக்குறிப்பிலும் வருகின்றன. பத்தியை எங்கே நகர்த்தினாலும் குறிப்பு கூடவே நகர்கிறது, எண் தானே மாறிக்கொள்கிறது. வேர்டு மட்டுமல்ல, லிப்ரே ஆபீஸிலும் கூகுள் டாக்ஸிலும் இது வேலை செய்யும்.

அறிவியல் மாணவர்களுக்கு ஒன்று: நீங்கள் சேர்த்துவைத்த கட்டுரை செல்லாது என்று பின்னாளில் திரும்பப் பெறப்பட்டால் ஜோட்டேரோ சிவப்பில் எச்சரிக்கிறது. எனக்கு அது தேவைப்படவில்லை.

இனி, இது எதைச் செய்யாது என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஜோட்டேரோ திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் அல்ல. விழுக்காடு தராது. நாம் தப்பாக நிரப்பினால் தப்பாகவே அச்சிடும். விழுக்காட்டைப் பற்றி நம் மாணவர்களிடையே ஒரு தவறான நம்பிக்கை ஊறியிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த விதிகளில் 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் 6 மாதத்துக்கு மிகாத காலத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைக் கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. இதைப் படித்துவிட்டு, 10 விழுக்காடு எடுத்துக்கொள்ள அரசே அனுமதித்திருக்கிறது என்று பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உரிய மூலத்தோடு தந்த மேற்கோள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, சட்ட வாசகங்கள், பொதுவான கலைச்சொற்கள் ஆகியவை கணக்கில் சேரா என்பதும், தற்செயலாக ஒத்துவரும் சொற்களில் தொடர்ச்சியாக 14 சொல் வரை விலக்கு என்பதும் அதே விதிகளில்தான் இருக்கின்றன. அதைப் படிப்பவர்கள் குறைவு. எண் என்பது ஒத்துப்போன சொற்களின் அளவு மட்டுமே. பெயர் சொல்லாமல் எடுத்த ஒரே ஒரு வாக்கியமும் எடுத்ததுதான்.

இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. என் 34 விழுக்காட்டை உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். அதில் 11 விழுக்காடு அரசாணை வாசகங்களும் கல்வெட்டு வரிகளும். மேற்கோள் குறி போட மறந்திருந்தேன். சில இடங்கள் எட்டு அணைக்கட்டுகளின் பெயர் வரிசை. யார் எழுதினாலும் அப்படித்தான் வரும். மீதிதான் உண்மையான குற்றம். ஆனால் என் உறக்கத்தைக் கெடுத்தது சிவப்பாகாத ஒரு பத்தி. அறிக்கையின் பதினேழாம் பக்கத்தில், சுத்தமாக, ஒரு கோடும் இல்லாமல் இருந்தது. அது நான்காம் நோட்டின் அந்த இருபத்தெட்டு வரியிலிருந்து வந்தது. நூலகத்துக்குப் போய், அடுக்கடுக்காகத் தேடி, மூன்றாம் நாள் அந்தப் பழைய புத்தகத்தைக் கண்டுபிடித்தேன். இணையத்தில் இல்லாத நூல். அப்பத்தி சொல்லுக்குச் சொல் அதில் இருந்தது. கருவிக்கு அது தெரியவில்லை, தேர்வாளருக்கும் தெரியப்போவதில்லை. பழைய எழுத்துருக்களில் உறங்கும் நூற்றுக்கணக்கான தமிழ் ஆய்வேடுகளின் நிலையும் இதுதான்; அவற்றின் வரிகளை ஒருங்குறியில் (யூனிகோடில்) தட்டச்சு செய்துவிட்டால் எழுத்துக் குறியீடே வேறாகிவிடும், நேராக ஒப்பிடும் கருவிக்குப் பிடிபடாது. அந்த நூலகத்தில் உதவியாளராக இருக்கும் அண்ணாச்சி, நான் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "என்னம்மா, கிடைத்ததா, கிடைக்கவில்லையா?" என்று கேட்டார். கிடைத்தது என்றேன்.

அந்தப் பத்தியை நீக்கினேன். நீக்கிய இடத்தில் மேற்கோளாகவே போட்டிருக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் அந்த ஆசிரியர் எழுதியது ஒரு குளத்தைப் பற்றி, அவர் கேட்டறிந்த செய்தி. அந்தக் குளம் என் வீட்டிலிருந்து பதினான்கு கிலோமீட்டர். நான் போனதே இல்லை. புத்தகத்தில் இருந்ததால் போகத் தோன்றவில்லை.

ஐப்பசி விடுமுறையில் போனேன். மடைக்கு மேலே கல்லில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் இரண்டு மணி நேரம் பேசினேன். அவருடைய தகப்பனார் அந்தக் குளத்தின் நீர்க்கட்டி, பிறகு இவர். புத்தகம் சொன்னதில் ஒன்று சரி, ஒன்று தவறு. கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டும்வரை நீர்க்கட்டி கரையை விட்டு வீட்டுக்குப் போகமாட்டான் என்று அவர் சொன்னார். அது எந்த நூலிலும் நான் படிக்காதது. அது இப்போது என் இரண்டாம் இயலில் இருக்கிறது. திருத்திக் கொடுத்த இயல் 7 விழுக்காடு காட்டியது. அந்த எண்ணை நான் பெருமையாகச் சொல்லவில்லை. கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன்.

ஜோட்டேரோவில் நூல், கட்டுரை, ஆய்வேடு, கையெழுத்துப் பிரதி என்பவற்றோடு நேர்காணல் என்றும் ஒரு வகை இருக்கிறது. யாரோடு உரையாடல் என்று கேட்டு ஒரு பெட்டி வரும். அன்று மாலை குளத்தங்கரையிலேயே மடிக்கணினியைத் திறந்தேன். "உங்கள் பெயரை எப்படிப் போடட்டும் தாத்தா?" என்று கேட்டேன். அவர் சற்று யோசித்து, "என் பெயரை மட்டும் போடாதே தாயி. இதெல்லாம் அப்பா சொன்னது. அவர் பெயரையும் சேர்த்துப் போடு" என்றார். தலைப்பெழுத்தாகச் சுருக்கவில்லை. இரண்டு பெட்டியையும் ஒன்றாக்கி, தகப்பன் பெயரையும் மகன் பெயரையும் முழுதாக எழுதி, தேதியும் ஊரும் குறித்துச் சேமித்தேன். திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். கண்ணாடி இல்லாததால் என்னையே படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.